மதினிக்குத் தைத்த ஜாக்கெட்

ஜாக்கெட் தைப்பதை நான் தொழிலாகச் செய்ததில்லை. அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். 14 வயதில் அம்மாவிடம் கற்றுக்கொண்டேன். காலால் மிதிக்கும் பழைய மிஷின் இன்னும் வீட்டில் இருக்கிறது. என் ஜாக்கெட்டை நானே தைத்துக்கொள்வேன். மற்றவர்களுக்குத் தைத்துக் கொடுக்கும் பழக்கம் இல்லை. 2016-ல்தான் அது மாறியது.

அந்த வருஷம் ஆவணியில் என் மதினிக்கு இடது மார்பை எடுத்துவிட்டார்கள். புற்றுநோய். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள். உயிர் பிழைத்ததே பெரிது என்று நாங்கள் ஆறுதல் பட்டுக்கொண்டிருந்தோம். ஆனால் தை மாதம் அவருடைய இளைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

மதினி பத்திரிகை வைக்கக்கூட வெளியே போகவில்லை. ஒருநாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "தாரை வார்க்க உங்க அண்ணன் மட்டும் மேடையில நிக்கட்டும். நான் பின்னால உக்காந்துக்கிறேன். ஒரு பக்கம் இப்படி இருக்க, நான் எப்படிம்மா எல்லார் முன்னாலயும் நிக்கிறது?"

பழைய ஜாக்கெட் எதுவும் சேரவில்லை. ஒரு பக்கம் தொளதொளவென்று தொங்கியது. அதே பக்கம் கை வீங்கி, இறுக்கிப் பிடித்தது. தையல் கடையில் ஆண்கள்தான் அளவெடுப்பார்கள். அங்கே போய் நிற்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நானே தைக்கிறேன் மதினி" என்று சொல்லிவிட்டேன்.

முதலில் துணி. கல்யாணப் பட்டோடு வரும் பிட்டை அப்படியே தைத்தால் தழும்பில் உரசும். பாலியஸ்டர் லைனிங் வியர்வையை உறிஞ்சாது, அரிக்கும். அதனால் உள்ளே மெல்லிய மல் துணி லைனிங் வாங்கினேன். பருத்தி எதுவானாலும் வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையில் லைனிங் சுருங்கி மேல்துணியை இழுத்துவிடும்.

வீட்டில் உடுத்தச் சின்னாளபட்டிச் சுங்குடியிலேயே இரண்டு ஜாக்கெட் போட்டேன். நம்மூர்ப் பெண்கள் எத்தனையோ வருஷமாக உடுத்துகிற துணிதான். அதில் ஒரு வசதி உண்டு. பளபளப்பான ஒற்றை நிறத் துணி உடம்பின் மேடு பள்ளத்தை எடுத்துக் காட்டும். சிறு சிறு புள்ளிகள் உள்ள துணி கண்ணை ஓரிடத்தில் நிற்க விடாது.

பட்டில் கத்தரி வைக்கும் முன், அண்ணனின் பழைய வேட்டியில் ஒன்று வெட்டித் தைத்துப் போட்டுப் பார்த்தோம். வழக்கமாகத் துணியை மடித்துப்போட்டு இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வெட்டுவோம். இதற்கு அது ஆகாது. கையையும் கை இணையும் இடத்தையும் இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்தேன். இடது கையை ஓர் அங்குலம் தளர்வாக விட்டேன். நெறிக்கட்டி எடுத்த கையில் இறுக்கமாக எதுவும் இருக்கக் கூடாது என்பது டாக்டர் சொன்னது. அதனால் அந்தக் கைக்கு இறுகிய வளையலும் வேண்டாமென்று வைத்தோம். முன் கழுத்தைச் சற்று மேலே ஏற்றினேன். கொக்கியை முன்பக்கமே வைத்தேன். இப்போது பின்பக்கம் கொக்கி வைப்பது நாகரிகம். கையைப் பின்னால் கொண்டுபோக முடியாதவருக்கு அது தண்டனை. பக்கத் தையலில் ஓர் அங்குலம் உள்ளே விட்டு வைத்தேன், பிறகு பிரித்துவிடலாம் என்று.

முன்துண்டுகள் இரண்டும் ஒரே அளவு, டக்கும் ஒன்றுபோல்தான். இடது பக்கம் உள்ளே மல் துணியில் ஒரு பை தைத்து, பக்கவாட்டில் வாய் திறந்து வைத்தேன். அதற்குள் பஞ்சு அடைத்த ஒரு சிறு திண்டு. வெறும் பஞ்சு கனமில்லாமல் மேலே ஏறிவிட்டது. பஞ்சுக்கு நடுவில் கடுகு நிரப்பிய சின்ன முடிச்சு ஒன்றை வைத்ததும் அது இடத்தில் நின்றது. துவைக்கும்போது திண்டை வெளியே எடுத்துவிடலாம்.

நான்காவது முறை போட்டுப் பார்த்தபோது மதினி கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்றார். ஒன்றும் பேசவில்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொள்ளவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கையில ஜரிகை பார்டர் வைப்பியா?" என்று கேட்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அவர் மேடைக்கு வருவார் என்று. வந்தார். அண்ணன் பக்கத்தில் நின்று பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தார்.

நம் காந்திகிராமத்தைப் பற்றி ஒரு விஷயம். 1947-ல் டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து அதைத் தொடங்கிய ஜி. ராமச்சந்திரன், 1924-ல் சாந்திநிகேதன் மாணவராக இருந்தபோது காந்தியைச் சந்தித்து, எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்ற காந்தி எடுத்துக்காட்டாகச் சொன்னது சிங்கர் தையல் மிஷினை. மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைக் கண்டு, அவள் மேல் வைத்த அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது காந்தியின் விளக்கம். சரித்திரம் எப்படியோ, அந்த விளக்கம் எனக்குப் பிடிக்கும்.

மதினி இன்று நன்றாக இருக்கிறார். அவருக்காக வெட்டிய காகித அளவை நான் தூக்கிப் போடவில்லை. மதினியோடு சிகிச்சைக்கு வந்துபோன இன்னும் மூன்று பேருக்கு அதை வைத்து, அவரவர் உடம்புக்கு ஏற்றபடி மாற்றித் தைத்துக் கொடுத்திருக்கிறேன். இதைப் படிப்பவர்களின் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் வெளியே வராமல் இருந்தால், தைக்கத் தெரிந்த பெண் யாராவது ஒரு முறை போய்க் கேளுங்கள். அளவு டேப்பை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.