ரந்தா: இறங்கிப் பார்க்க வேண்டிய ஊர்

மலேசியாவின் போர்ட்டிக்சன் கடலுக்குப் போகிறவர்கள் ரந்தாவில் வண்டியை நிறுத்துவதில்லை. நெடுஞ்சாலை வந்த பிறகு அந்தப் பக்கம் வரவேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. சிரம்பானிலிருந்து மம்பாவ் வழியாகப் பழைய சாலையைப் பிடித்து வந்தாலும் இருபுறமும் செம்பனைதான் தெரியும். இடையிடையே ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளிப் பெயர்ப்பலகை. அந்தப் பலகைகளை நின்று படிக்க வேண்டும் என்பது என் ஆசை. பிராட்வால், ஆதர்டன். பிராட்வால் இங்கிலாந்தின் செஷயர் வட்டாரத்தில் ஒரு சின்னக் கிராமம். ஆதர்டன் மான்செஸ்டருக்கு அருகில் உள்ள ஊர். நெகிரி செம்பிலானில் இவை தோட்டப் பெயர்கள். அந்தத் தோட்டப் பள்ளிகளில்தான் எங்கள் பிள்ளைகள் அரிச்சுவடி படித்தார்கள்.

போன பங்குனியில் துறையூரிலிருந்து ஒரு மருமகன் வந்தான். என் பாட்டி கங்காணியோடு கப்பலேறியபோது ஊரிலேயே தங்கிவிட்ட அவருடைய தம்பியின் கொள்ளுப்பேரன். கையில் போர்ட்டிக்சனைச் சுற்றிப் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் இருந்தது. "இதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்ப்பா, முதல்ல நம்ம தோட்டம்" என்று ரந்தாவுக்குத் திருப்பினேன்.

தோட்டம் என்றதும் அவன் வயலும் கிணறும் தேடினான். தோட்டம் என்பது ஓர் ஆங்கிலக் கிராமத்தை எங்கள் தலைக்கு மேல் கட்டிவைத்த அமைப்பு என்று அவனுக்குச் சொன்னேன். மேட்டின் உச்சியில் துரை பங்களா, புல்தரை, பூச்செடி, டென்னிஸ் ஆட ஓர் இடம். அதற்குக் கீழே சின்னத் துரை வீடு. அதற்கும் கீழே கிராணிமார் வீடுகள், ஆபீஸ், மருந்துக்கொட்டகை. எல்லாவற்றுக்கும் அடியில், மழைத் தண்ணீர் வந்து சேரும் பள்ளத்தில், எங்கள் வரிசைவீடுகளான லயங்கள், கள்ளுக்கடை, கோயில். நிலத்தின் சரிவே யார் யாருக்குக் கீழே என்று சொல்லிவிடும். துரை நடந்து வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நின்ற காலத்தை என் அப்பா சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் குரல் ஒருபோதும் சாதாரணமாக இருந்ததில்லை.

இந்த வட்டாரத்தின் வரலாறு கித்தா என்கிற ரப்பருக்கும் முந்தியது. பக்கத்திலிருக்கும் லின்சம் தோட்டம் 1880களில் சிலோனிலிருந்து வந்த ஹில் என்ற துரை காப்பிக்காகத் திறந்தது. அந்த நூற்றாண்டின் இறுதியில் பிரேசில் காப்பி உலகச் சந்தையை நிரப்பியது, விலை விழுந்தது, காப்பி நின்ற இடத்தில் பால்மரம் வந்தது. அதற்குள் 1891-லேயே சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்து ரயில் பாதை போட்டிருந்தார்கள். உள்ளே இருந்து ஈயமும் விளைச்சலும் கடலுக்குப் போயின; கடலிலிருந்து ஆட்கள் உள்ளே வந்தார்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910-ல் நின்றது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. அதற்குள் என் பாட்டி வந்து, பெற்று, பிள்ளைகளில் இரண்டைக் காய்ச்சலுக்குக் கொடுத்திருந்தார்.

மருமகனுக்கு ஒரு வெட்டுக்காரப் பெண்ணின் நாளைச் சொல்ல விரும்பினேன். இருட்டோடு பெரட்டு. பெயர் கூப்பிட்டு மண்டோர் நிரை பிரித்துக் கொடுப்பார். வெயில் ஏறிவிட்டால் பால் வடிவது குறைந்துவிடும். அதனால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓட வேண்டும். முந்தின நாள் கோட்டில் உறைந்த கோட்டுப்பாலை உரித்துப் பையில் போட்டு, உளியால் மெல்லிய பட்டை ஒன்றைச் சீவி, பால் பிடிக்கும் மங்கைத் திருப்பி வைக்க வேண்டும். உளி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், வெட்டியவளுக்கு வசவு. கடைசி மரத்தை முடித்து மூச்சு வாங்கினால் முதல் மரத்தின் மங்கு நிறைந்திருக்கும். பிறகு காண்டாவாளியில் பாலைத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடை. மழை இறங்கிவிட்டால் மங்குப் பால் தண்ணீரோடு போயிற்று, அன்றைய கூலியும் போயிற்று. கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில். என் பாட்டியின் வலது தோள் கடைசிவரை ஒரு பக்கம் தாழ்ந்தே இருந்தது.

அவன் ஒன்றும் பேசவில்லை. ஒரு செம்பனையின் அடியில் நின்று, "மரமெல்லாம் எங்க அத்தை?" என்றான். கித்தா மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு வெகுகாலமாகிறது. குலை வெட்ட இன்று வருபவர்கள் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும். அவர்களும் எங்களைப் போலவே, வந்த ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் லயங்கள் இடிபட்டன. கோயிலும் பள்ளியும் நிற்கின்றன.

மறுநாள் அவனுடைய பட்டியலுக்குப் போனோம். லுக்குட்டில் 1847-ல் ராஜா ஜுமாஅட் கட்டிய கோட்டையும் அருகிலேயே அருங்காட்சியகமும். தஞ்சோங் துவானில் 1863-ல் ஆங்கிலேயர் கட்டிய கலங்கரை விளக்கம். நிலப்புறத்தில் நெகிரி செம்பிலான் சூழ்ந்திருந்தாலும் அந்த முனை மலாக்காவுக்குச் சொந்தம். 1606-ல் டச்சுக்காரர்களும் போர்ச்சுகீசியர்களும் கடற்போர் நடத்தியது அந்தத் தண்ணீரில்தான். மார்ச் மாதத்தில் சுமத்ராவிலிருந்து கழுகினப் பறவைகள் கூட்டமாக நீரிணையைக் கடந்து வருவதைப் பார்க்க மக்கள் திரள்கிறார்கள். எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பங்காலான் கெம்பாஸ் பிடிக்கும். நட்டுவைத்த பெருங்கற்களும் ஷேக் அகமது மஜ்னூன் கல்லறையும் இருக்கும் இடம். அங்குள்ள 1467-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் ஜாவி எழுத்தும் காவி எழுத்தும் உண்டு. காவி பல்லவ எழுத்தின் வழிவந்தது. திருச்சிப் பக்கத்துப் பிள்ளை அந்தக் கல்லின் முன் வெகுநேரம் நின்றான்.

இவற்றைப் பாதுகாப்பது நல்ல காரியம். ஸ்ரீ மெனாந்தியில் ஆணியே இல்லாமல் கட்டிய மர அரண்மனையையும் போற்றி வைத்திருக்கிறார்கள். அதே கையோடு ஒரு லயத்தையும், ஒரு பால் ஸ்டோரையும், ஒரு புகைக்கூண்டு வீட்டையும் நிறுத்தி வைக்க வேண்டும் என்று கேட்கிறேன். கோட்டைக்குப் பின்னால் ஓர் அரசன் இருந்தான். லயத்துக்குப் பின்னால் இருந்தவர்கள், 1942-43-ல் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவர்கள். தாலியைக் கழற்றி இந்திய தேசிய ராணுவத்துக்குக் கொடுத்தவர்கள். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையப்போகும் செய்தி நேதாஜியை வந்தடைந்தபோது அவர் இருந்தது நம் சிரம்பானில். அதைச் சிரம்பான் பிள்ளைகளே அறியாதிருப்பது எனக்குத் தாங்கவில்லை.

யாராவது செய்யட்டும் என்று காத்திருக்கவும் மனமில்லை. மருமகன் கட்டட வரைகலை படித்தவன். ஊருக்குத் திரும்புவதற்கு முன் தோட்டத்துக் கோயிலில் உட்கார்ந்து, பழைய பாட்டிமார்கள் இருவர் சொல்லச் சொல்ல, லயங்களை வரைபடமாக்கினான். குழாயடி, ஆயாக்கொட்டகை, பெரட்டுக் களம், வீட்டுக்கு வீடு யார் பெயர் என்று எழுதிக்கொண்டே வந்தான். மூன்றாவது லயத்தின் கோடிவீட்டில் இருந்தது யார் என்பதில் பாட்டிமார்களுக்கு ஒத்துவரவில்லை. ஒருவர் பண்டாரம் குடும்பம் என்றார். மற்றவர், அவர்கள் சயாமுக்குப் போன பிறகு அந்த வீடு பூட்டியே கிடந்தது என்றார். ஆடித் திருவிழாவுக்குக் கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் தோட்டத்து ஆட்கள் வருவார்கள். அவர்களைக் கேட்டு எழுதுவதற்காக அந்தக் கட்டத்தை வெற்றாக விட்டிருக்கிறான்.