மூச்சின் ஆயத்தம்

சிராங்கூன் சாலையில் நெடுங்காலம் சிகரெட்டும் கையுமாகக் கடை நடத்திய என் தமையனாருக்கு வயிற்றுப் பெருந்தமனி புடைத்திருந்தது. வெடித்தால் உயிர் தங்குவது அரிது; வயிற்றைத் திறந்தாலோ, நைந்த நுரையீரல் தாங்காது. அறுவைப் புண்ணின் வலியால் ஆழ்ந்து மூச்செடுக்கவும் இருமவும் இயலாமற்போகும்; சளி தேங்கி நிமோனியா காணும்.

இவ்விரு இடர்களுக்குமிடையே வழி கண்டவர் அர்ஜென்டினாவின் ஹுவான் பரோடி. 1990 செப்டம்பர் 7 அன்று, புவெனஸ் அயர்சில், அத்தகைய நுரையீரல் நோயாளி ஒருவருக்கே தொடைத் தமனி வழியாகச் செயற்கைக் குழாயைச் செலுத்தி, குருதி புடைப்பைத் தாக்காமற் செல்லச் செய்தார்.

“அம்முறையே ஏற்றது, முதலில் புகையை விடுங்கள், மூச்சைப் பழக்குங்கள்,” என்றார் எங்கள் மருத்துவர். எழுபது வயதில் அண்ணன் மாணவரானார். நாள்தோறும் வீரமாகாளியம்மன் ஆலயம்வரை நடந்து மூச்சுப் பயின்றார். ஆயத்தமின்றித் தேர்வெழுதலாகாது என மாணவர்க்கு நான் உரைப்பதை அவர் செய்து காட்டினார். வரும் திங்களன்று அறுவை.