கடிப்பவர் கேளாத ஒலி

பொறுமையைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் நம் தமிழ் பற்களைத் துணைக்கு அழைக்கிறது. வறுமையில் கழிந்த ஆண்டுகளைச் சொல்லும் தாயும், மேலதிகாரியின் கடுஞ்சொல்லைத் தாங்கிய ஊழியரும், கடனோடு போராடிய குடும்பத் தலைவரும் ஒரே தொடரைத்தான் கையாளுகிறார்கள்: "பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்." சினத்துக்கும் பல்லே சாட்சி. "நறநறவென்று பல்லைக் கடித்தான்" என்று கதைகளில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! பொறுத்தலும் வெகுளுதலும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஆயினும் இரண்டும் ஒரே இடத்தில் வந்து இறுகுகின்றன. இது வெறும் சொல்லழகு அன்று. நம்மிடையே பலர் நாள்தோறும், பெரும்பாலும் உறக்கத்தில், தாம் அறியாமலேயே பற்களைக் கடித்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதை நான் அருகிருந்து கண்ட இடம் முள்ளிப்பட்டு. கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியை அடுத்த ஊர். பட்டு நெசவே அதன் பிழைப்பு. என் ஆசிரியப் பணியின் பிற்பகுதியில் பதினோர் ஆண்டுகள் அங்கே நெசவாளர் தெருவொன்றில் குடியிருந்தேன். கருநாடகத்துப் பட்டு நூலும் சூரத்து ஜரிகையும் அங்கே சேலையாக மாறுகின்றன. வீட்டின் முன்கூடத்தைத் தறி எடுத்துக்கொள்ள, மீதி இடத்தில் குடும்பம் வாழும். பெண்கள் தார் சுற்றுவார்கள். ஆண்கள் குழியில் காலை இறக்கி அமர்ந்து மிதிப்பார்கள். பெண்கள் நெய்யும் வீடுகளும் உண்டு. பாவில் ஓர் இழை அறுந்தால் கண் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். விரல் அதை முடிய வேண்டும். இரண்டு கைகளும் நூலைப் பற்றியிருக்கும் வேளையில் மூன்றாவது கையாக வருவது பல். மிஞ்சிய நுனியை 'நறுக்'கென்று கடித்துத் துப்பிவிட்டு நாடா மீண்டும் ஓடத் தொடங்கும்.

நூலைப் பல்லால் கடிப்போருக்கு முன்பல்லின் விளிம்பில் சிறு வெட்டு விழும். தையற்காரர்களிடம் பல் மருத்துவர்கள் நெடுங்காலமாகக் காணும் அடையாளம் இது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்டவர்களின் பற்களிலும் நாரை இழுத்ததால் விழுந்த கோடுகளைத் தொல்லியல் அறிஞர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். மனிதர் செய்த தொழிலை அவருடைய பல் எழுதி வைத்துக்கொள்கிறது.

பல்லின் மேலுறையாகிய எனாமல் நம் உடம்பிலேயே கடினமான பொருள். அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாது உப்புகளே. ஆனால் மிகத் தடித்த இடத்திலும் அதன் கனம் இரண்டரை மில்லிமீட்டர் அளவுதான். எலும்பு முறிந்தால் கூடும்; தோல் கிழிந்தால் ஆறும்; எனாமல் தேய்ந்தால் தேய்ந்ததுதான். அதை உருவாக்கிய உயிரணுக்கள் பல் முளைக்கும் காலத்திலேயே மறைந்துவிடுகின்றன. எனாமலுக்குக் கீழே மஞ்சள் நிறமான டென்டின் இருக்கிறது. அது மென்மையானது, வெளியே தெரிந்துவிட்டால் இன்னும் விரைவாகக் கரையும். அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள பற்கூழ். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால், தேய்மானத்தை ஏன் முதற்படியிலேயே கண்டுகொள்ள வேண்டும் என்பது விளங்கும்.

பல் தேய்வதற்கு வழிகள் பல. வயது ஏற ஏற எல்லாருக்கும் ஓரளவு தேய்வது இயற்கையே. செங்கல் தூளும் உமிக்கரியும் உப்பும் கொண்டு அழுத்தித் தேய்த்த தலைமுறையினருக்கும், இன்று முரட்டுத் தூரிகையால் குறுக்காக இழுப்பவர்களுக்கும், ஈற்றோரத்தில் பல்லின் கழுத்துப் பகுதியில் பள்ளம் விழுகிறது. கொட்டைப்பாக்கை ஓயாமல் மெல்லுவோருக்குக் கடைவாய்ப் பற்கள் தட்டையாகின்றன. புளிப்பு வேறொரு வகையில் கேடு செய்யும். எலுமிச்சை, குளிர்பானங்கள், நெஞ்செரிச்சலோடு மேலேறி வரும் இரைப்பை அமிலம் ஆகியவை எனாமலைக் கரைத்து இளக்குகின்றன. இளகிய நேரத்தில் தூரிகை பட்டால் இழப்பு மிகுதி. எனவே புளிப்பு உண்டவுடன் தண்ணீரால் வாயைக் கொப்பளித்து, அரை மணி நேரமாவது கழித்துப் பல் துலக்குவது நல்லது. இவற்றோடு சேர்வதுதான் பல்லைப் பல்லே தேய்க்கும் பற்கடிப்பு. பெரும்பாலும் ஒருவருடைய வாயில் இவற்றுள் இரண்டு மூன்று காரணங்கள் ஒன்றாகவே வேலை செய்யும்.

நல்ல நிலையிலுள்ள வாயில், பேசாமலும் உண்ணாமலும் இருக்கும்போது, உதடுகள் மூடியிருக்கும். பற்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தொட்டு விலகும் நேரத்தைக் கூட்டினாலும் ஒரு நாளில் சில நிமிடங்களே தேறும். ஆனால் மனம் ஒன்றில் குவியும்போது சிலருக்குத் தாடையும் கூடவே இறுகிவிடுகிறது. நுண்ணிய கொடிக்கரை நெய்பவரிடமும், விடைத்தாள் திருத்துபவரிடமும், நெரிசலில் வண்டி ஓட்டுபவரிடமும் இதைக் காணலாம். இது விழித்திருக்கையில் நிகழ்வது.

உறக்கத்தில் நிகழ்வது வேறு. ஆழ்ந்திராத உறக்கத்தில் மூளை ஒரு கணம் விழிப்பின் விளிம்புக்கு வருகிறது. இதயம் சற்று விரைகிறது. அடுத்து மெல்லும் தசைகள் தாமாகவே சுருங்குகின்றன. விழித்திருக்கும்போது நம்மைத் தடுக்கும் எச்சரிக்கை அப்போது தளர்ந்திருப்பதால், பல்லின்மேல் விழும் விசை பெரிது. மனக்கவலை இதைத் தூண்டும் என்பது உண்மை. ஆனால் கவலை ஒன்றே காரணம் என்று முடிவுகட்டலாகாது. குறட்டையும் மூச்சுத் தடையும், மதுவும் புகையிலையும், மிகுதியான காப்பியும், மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மருந்துகளும், பரம்பரை இயல்பும் இதில் பங்குகொள்கின்றன. மருந்து காரணமாயிருக்கும் என்று ஐயுற்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், தாமாக நிறுத்திவிடலாகாது. உடல்நலம் உள்ளவரிடம் இதை ஒரு நோய் என்பதைவிட, தீங்கு விளைவிக்கக்கூடிய ஒரு தசைச் செயல் என்றே கொள்ள வேண்டும் எனப் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2018ஆம் ஆண்டில் கருத்துரைத்தது.

குழந்தை இரவில் பல்லைக் கடித்தால் "வயிற்றில் பூச்சி" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். பூச்சி இருந்தால் அதற்கு மருந்து கொடுக்க வேண்டியதுதான். ஆனால் பற்கடிப்புக்கு அதுவே காரணம் என்பது உறுதிப்படவில்லை. பெரும்பாலான குழந்தைகளிடம் வளர வளர இப்பழக்கம் தானே மறைந்துவிடும். வாயால் மூச்சு விடுகிற, குறட்டை விடுகிற குழந்தையை மட்டும் மருத்துவரிடம் காட்டத் தயங்கலாகாது.

ஒரு கோடைக்காலத்தில் எனக்கு விடியற்காலைத் தலைவலி விடாமல் வந்தது. நெற்றிப்பொட்டின் இருபுறமும் கனக்கும்; பத்து மணிக்குத் தானே அடங்கும். வேலூரில் ஒரு பல் மருத்துவர் என் கன்னத்தில் விரல்களை வைத்துப் பல்லைக் கடிக்கச் சொன்னார். தடித்துத் திரண்டிருந்த தசையை என் விரலாலேயே தொட்டுப் பார்க்கச் செய்தார். நாக்கின் ஓரத்தில் பற்களின் அச்சு, கன்னத்தின் உட்புறம் வெண்கோடு, கோரைப்பல்லின் கூர் மழுங்கிக் கண்ணாடித் துண்டுபோல் பளபளக்கும் தட்டை. இவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் காட்டினார். குளிர்ந்த நீர் பட்டால் கூச்சம், அடைத்த பல் அடிக்கடி உடைதல், வாய் திறக்கையில் காதருகே 'கிளிக்' என்ற ஒலி ஆகியவையும் அடையாளங்கள் என்றார். பிறகு, "உங்கள் வீட்டில் யாராவது சத்தம் கேட்டதாகச் சொன்னார்களா?" என்று கேட்டார். அருகில் நின்ற என் மனைவி, "தினமும் கேட்கிறது, டாக்டர்" என்றாள். எனக்கு அது புதுச் செய்தி.

முள்ளிப்பட்டுக்குத் திரும்பியபின் எதிர்வீட்டு நெசவாளரின் சிரிப்பு என் கண்ணுக்கு வேறுவிதமாகத் தெரிந்தது. ஐம்பது வயதுக்குள் அவருடைய முன்பற்கள் பாதியாகக் குறைந்திருந்தன. நடுவில் மஞ்சள் வட்டங்கள். மருத்துவரிடம் போகலாமே என்றேன். "வலியே இல்லீங்க சார். வலிக்காத பல்லுக்கு எதுக்கு டாக்டரு?" என்றார். அவருடைய மனைவி என் மனைவியிடம் சொன்னது வேறு: "ராத்திரியெல்லாம் யாரோ பச்சரிசி மெல்லற மாதிரி கேக்குதுக்கா. எழுப்பிக் கேட்டா, ஒண்ணுமில்லேன்னு திரும்பிப் படுத்துக்கறாரு."

நால்வருமாக வேலூர் சென்றோம். மருத்துவர் பார்த்துவிட்டு, "எவ்வளவு காலமாக இப்படி?" என்று கேட்டார். நெசவாளர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டாவது தறியைப் பிரிச்சதிலேருந்து இருக்கும்" என்றார். பட்டு நூலின் விலை ஏறியபடி கூலி ஏறாத காலம் அது. மகன் செய்யாற்றுத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்விட்டான். இரண்டாவது தறிக்கு ஆள் இல்லை. அதன்மேல் வாங்கிய முன்பணம் மட்டும் கழியாமல் நின்றது. அந்தத் தொகை எவ்வளவு என்பதை அவருடைய மனைவி முதன்முதலாகக் கேட்டது அந்த மருத்துவரின் அறையில்தான். அந்த அம்மாள் அழவில்லை. "இதைச் சொல்றதுக்கா இத்தனை வருசம்?" என்று மட்டும் கேட்டார்.

அவருக்கு இரவில் அணியும் பற்காப்பு ஒன்றை அளவெடுத்துச் செய்து கொடுத்தார்கள். அது கடிப்பதை நிறுத்துவதில்லை. கடியைத் தான் வாங்கிக்கொண்டு பல்லைக் காக்கிறது. உடைந்த விளிம்புகளைப் பல்நிறப் பசையால் கட்டினார்கள். நூலை வெட்டத் தறியிலேயே ஒரு சிறு கத்தரியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார் அவருடைய மனைவி. கடன் உடனே தீரவில்லை. ஆயினும் மாதக் கணக்கை இருவரும் சேர்ந்து எழுதத் தொடங்கினார்கள். பற்கடிப்பு நின்றதா என்று கேட்டால், குறைந்தது என்பதே நேர்மையான விடை.

இந்த நோக்கத்தோடு நற்செய்தியைப் படிக்கும்போது சில இடங்கள் புதிதாக ஒளிர்கின்றன. அழுகையோடு பற்கடிப்பும் இருக்கும் என்னும் எச்சரிப்பைப் புனித மத்தேயு ஆறு இடங்களில் எழுதுகிறார். அவர் கையாளும் கிரேக்கச் சொல்லின் வேரிலிருந்தே பற்கடிப்புக்கு மருத்துவர்கள் வழங்கும் 'புரக்சிசம்' என்னும் பெயரும் பிறந்தது. நம் விவிலியப் பொது மொழிபெயர்ப்பு அவ்விடங்களில் 'அங்கலாய்ப்பு' என்று சொல்கிறது. பல்லில் தெரிவது புற அடையாளம்; அங்கலாய்ப்பு அதன் உள்நிலை. ஸ்தேவானின் சொற்களைக் கேட்டவர்கள் பல்லைக் கடித்தது சினத்தால். ஆனால் புனித மாற்கு காட்டும் சிறுவன் பல்லைக் கடித்தது நோயால். அவனை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. இது எவ்வளவு காலமாக என்றே தந்தையிடம் கேட்டார். அந்தச் சிறுவனால் தன் துன்பத்தைச் சொல்ல இயலாது. அருகிருந்து பார்த்தவரே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

பற்கடிப்பின் தனித்தன்மை இதுவே. தலைவலியை நோயாளி உணர்கிறார். காய்ச்சலை அவரே சொல்கிறார். உறக்கத்தில் எழும் இந்த ஒலி கடிப்பவர் செவியில் விழுவதில்லை; அதே அறையில் படுத்திருப்பவருக்கே கேட்கிறது. ஆகவே கேட்பவர்க்கு ஒரு கடமை உண்டு. எரிச்சலோடு தட்டி எழுப்புவதாலோ மறுநாள் கேலி பேசுவதாலோ பயனில்லை. பகலில், அமைதியான வேளையில், கேட்டதைச் சொல்ல வேண்டும். எவ்வளவு காலமாக என்று கேட்க வேண்டும். பல் மருத்துவரிடம் கூடப் போக வேண்டும். வலி வரும்வரை காத்திருந்தால், திரும்பி வராத ஒன்றை இழந்த பிறகுதான் போவோம்.

கடிப்பவர்க்கும் எளிய பயிற்சிகள் உண்டு. வேலையின் நடுவே அவ்வப்போது, 'உதடு மூடியிருக்கட்டும், பல் விலகியிருக்கட்டும்' என்று தாடைக்கு நினைவூட்டலாம். மாலைக்குப்பின் காப்பியையும் புகையிலையையும் விலக்கலாம். சினத்தோடு பொழுது சாயலாகாது என்று பவுலடியார் எபேசியருக்கு எழுதியது கவலைக்கும் பொருந்தும். குடும்பச் செபம் முடிந்தபின் கணவனும் மனைவியும் அன்றைய கணக்கை, அது எத்துணைக் கசப்பானதாயினும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்கு ஐந்து நிமிடங்கள் போதும். பற்காப்பின் வேலையை அது செய்துவிடாது. பற்காப்பு செய்ய இயலாத வேலையை அது செய்யும்.

பால்பல் விழுந்தால் மறுபல் முளைக்கிறது. அதற்குப் பின் இன்னொரு வரிசையை இறைவன் நமக்கு வைக்கவில்லை. இருக்கின்ற வரிசையைக் காத்துக்கொள்ள ஒருவருக்கு மற்றவரின் செவி தேவைப்படுகிறது. இன்றிரவு உங்கள் வீட்டில் அந்த ஒலி கேட்டால், நாளைக் காலை அதைப் பற்றி அன்போடு பேசுங்கள்.