முதல் பறிப்பு ஆத்தாளுக்கு

மாரியம்மனுக்காக மக்கள் விரதம் இருப்பது எல்லா ஊரிலும் உண்டு. மக்களுக்காக மாரியம்மன் விரதம் இருப்பது சமயபுரத்தில். மாசி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதல் தொடங்கும். அன்றிலிருந்து 28 நாள் அம்மனுக்குப் பச்சைப் பட்டினி. சோறு படைக்க மாட்டார்கள். துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், கரும்பு, பழம், இவ்வளவுதான் நைவேத்தியம். பிள்ளைகுட்டிகள் நோய்நொடி இல்லாமல் கோடையைக் கடக்க வேண்டும் என்று தாய் வயிற்றைக் காயப்போடுகிறாள்; அவள் உடம்பு தாங்க வேண்டுமே என்று பிள்ளைகள் பூவைக் கொண்டுபோய்ச் சொரிகிறார்கள். பனி கொட்டும் டொரண்டோவில் எத்தனையோ மார்ச் மாதங்கள் இதை நினைத்துக்கொண்டே போய்விட்டன. இந்த மாசியில் ஊருக்கு வந்துவிட்டேன்.

எங்கள் ஊர் மண்ணச்சநல்லூருக்குக் கிழக்கே, பெருவளை வாய்க்கால் பாயும் பக்கம். பொன்னி அரிசிக்குப் பேர்போன மண். எங்களுக்கு நிலத்தில் பெரும்பகுதி நெல். கிணற்றை ஒட்டிய மேட்டில் மட்டும் ஒரு மல்லிகைக் கொல்லை. சம்பா அறுவடை தையில் முடியும். ஜனவரி 28-ஆம் தேதி வாக்கில் மேட்டூர் அணையை மூடிவிட்டால் வாய்க்காலில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வடியும். அறுத்த வயலின் ஈரத்தில் தெளித்த உளுந்து முளைத்து நிற்கும். நெல்லுக்கு வேலை ஓய்ந்த அந்த நேரத்தில்தான் கொல்லைக்கு உயிர் வரும். மார்கழியில் கவாத்துப் பண்ணி மொட்டையாக நின்ற மல்லிகைச் செடி, மாசி முடியும்போது துளிர்விட்டு அரும்பு கட்டும்.

பூச்சொரிதல் ஏன் அந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது என்பதற்குக் கோயிலில் ஒரு கதை சொல்வார்கள்: மகிஷனை வதம் செய்த அம்மனின் உக்கிரம் தணிய அவள் விரதம் இருந்தாள் என்று. எங்கள் அப்பாயிக்கு அந்தக் கதையும் தெரியும். ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு. "செடி பூக்குறப்பத்தானே ஆயி, பூத்திருவிழா வரும்" என்பார். வீட்டுக்கு அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: முதல் பறிப்பு ஆத்தாளுக்கு; அடுத்ததுதான் சந்தைக்கு. பருவத்தின் முதல் பூவுக்குத்தான் நல்ல விலை. அந்த விலையை விட்டுக்கொடுத்தோம் என்று ஒரு தடவைகூட யாரும் பேசிக் கேட்டதில்லை.

ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்கு எங்களை எழுப்பிவிடுவார்கள். தலைக்குக் குளித்துவிட்டு, ஈரம் சொட்டச் சொட்டக் கொல்லைக்குப் போக வேண்டும். மல்லிகையை விரியவிட்டுப் பறித்தால் பயனில்லை. அரும்பாக இருக்கும்போதே ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் அப்பா ஒரு வரிசை, அம்மா ஒரு வரிசை, நானும் அண்ணனும் ஒரு வரிசை. சாமிக்கு உள்ள பூவை முகர்ந்து பார்க்கக் கூடாது. கை நிறைய மணத்தை வைத்துக்கொண்டு மூக்கை அந்தப் பக்கம் திருப்பி நிற்பது எட்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விரதம்! பறித்ததில் ஒரு பங்கை வாழைநாரில் சரமாகத் தொடுப்பார்கள், அம்மன் கழுத்துக்கு. மீதி உதிரியாகவே மூங்கில் தட்டில் ஏறும், சொரிவதற்கு. அதோடு கொஞ்சம் சம்பங்கி, அக்கம்பக்கத்தார் கொடுத்த செவ்வந்தி.

மஞ்சள் துணி கட்டிக்கொண்டு வாய்க்கால் கரையோடு நடப்போம். செருப்புக் கிடையாது. வழியில் ஊருக்கு ஊர் நீர்மோர்ப் பந்தல். ஒவ்வொரு ஊர் எல்லையிலும் இன்னொரு கூட்டம் தட்டோடு வந்து சேர்ந்துகொள்ளும். சமயபுரத்தை நெருங்கும்போது யார் எந்த ஊர் என்று தெரியாது. போகிற வழியில் அப்பா கண்ணனூர்ப் பக்கம் கைகாட்டி, அங்கே போசள ராஜா வீர சோமேசுவரன் தலைநகரம் வைத்திருந்தான் என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். 13-ஆம் நூற்றாண்டு ராஜாவைவிட அடுத்த பந்தல் எப்போது வரும் என்பதுதான் எங்கள் கவலை.

சன்னிதியில் நிற்கும் நேரம் மிகக் குறைவு. தட்டை வாங்கிய அர்ச்சகர் அம்மன் மேல் பூவைக் கொட்டுவார். கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டு போய்விடும். மூலவர் கல்லால் ஆன விக்கிரகம் இல்லை. மண்ணும் மூலிகையும் சேர்த்துச் செய்த சுதைத் திருமேனி. அதனால் அபிஷேகமெல்லாம் உற்சவருக்குத்தான். "தண்ணி ஊத்த முடியாத ஆத்தாள எப்படிக் குளிரப் பண்ணுறது? பூவாலதான்" என்பார் அப்பாயி. வீடு திரும்பியதிலிருந்து விரதம் முடியும்வரை எங்கள் அடுப்பங்கரையில் தாளிக்கிற சத்தம் கேட்காது. சித்திரை முதல் செவ்வாய்க்கிழமை தேர். அதுவரை மூச்சு முழுக்க மாரியம்மன்தான்.

இந்த முறை திருச்சியில் இறங்கிக் காவிரியைத் தாண்டிக் கொள்ளிடத்துக்கு வந்ததும் கண் பழைய இரும்புப் பாலத்தைத் தேடியது. 1928-இல் கட்டிய பாலம். நான் கல்லூரிக்குப் போய்வந்தது அதன் மேல்தான். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தன. பிறகு பாலத்தையே எடுத்துவிட்டார்கள். புதுப் பாலம் அகலமாக, வசதியாக இருக்கிறது. நம்பர் ஒன் டோல்கேட் தாண்டினால் இரண்டு பக்கமும் மனை விற்பனைப் பலகைகள். நெல் நின்ற இடங்களில் வண்ணம் பூசிய எல்லைக் கற்கள். சமயபுரத்தில் கிழக்கே ஏழு நிலை ராஜகோபுரம் எழுந்திருக்கிறது, 2022-இல் குடமுழுக்குக் கண்டது. அதை நிமிர்ந்து பார்த்தபோது அப்பாயி இதைப் பார்க்கவில்லையே என்று தொண்டை அடைத்தது.

எங்கள் கொல்லையில் பாதி இருக்கிறது. மீதிப் பாதியில் சவுக்கு. "ஏன் அண்ணி, பூ வரலையா?" என்று கேட்டேன்.

"பூ வருதும்மா. பறிக்கத்தான் ஆள் இல்ல. நாலு மணிக்கு எந்திரிச்சு வர்றவங்க எல்லாம் வயசானவங்க. அவங்க பிள்ளைங்க டவுனுக்கு வேலைக்குப் போயிருச்சு. போகக் கூடாதுன்னு நாம சொல்ல முடியுமா?"

சொல்ல முடியாதுதான். நானே போனவள். மல்லிகையைப் பறிக்க இயந்திரம் இல்லை, விரல்தான் வேண்டும். விடிவதற்குள் பறித்து, காலையிலேயே ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தைக்குச் சேர்க்க வேண்டும். வெயில் ஏறினால் அரும்பு விரியும், விலை விழும். முகூர்த்த நாளில் ஏறும் விலை மறுநாள் தரையைத் தொடும். இத்தனையையும் தாங்கிக்கொண்டு காவிரிக்குத் தெற்கே எட்டரை, கோப்பு, போசம்பட்டிப் பக்கம் பூ விவசாயம் இன்னும் நிற்கிறது. அந்தக் குடும்பங்களை நான் வணங்குகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணியும் நானும் அண்ணன் பிள்ளைகளும் பறித்தோம். அரிக்கேன் இல்லை, நெற்றியில் கட்டும் விளக்கு. அண்ணன் மகள் பூவை முகர்ந்துவிடுவாளோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் முகரவில்லை, யாரோ சொல்லி வளர்த்திருக்கிறார்கள். வாய்க்கால் கரையில் இப்போது தொடர்ந்து நடக்க வழி இல்லை, சாலையோரமாகவே நடந்தோம். திருச்சியின் தெருக்கள் ஒவ்வொன்றும் விளக்கு அலங்கார வண்டியில் அம்மனை வைத்து, பின்னால் பூத்தட்டோடு வந்தன. நான் சிறுமியாகப் பார்த்த கூட்டத்தைப் போலப் பல மடங்கு. பார்க்கப் பார்க்க நிறைவாக இருந்தது. தட்டுகளில் சேலத்து அரளி, ஓசூர் ரோஜா, நிலக்கோட்டை மல்லிகை. எந்த மண்ணில் பூத்தாலும் அம்மனுக்குப் பூதான், அதில் எனக்குக் குறையில்லை. வண்டிகளில் தொங்கிய பிளாஸ்டிக் பூவைத்தான் பொறுக்க முடியவில்லை. வாடாத பூவை வாடிக் கிடக்கும் தாய்க்கு எதற்குக் காட்ட வேண்டும்?

திருவிழா வளர்ந்திருக்கிறது. அதற்குப் பூக் கொடுத்த கொல்லைகள் எங்கள் பக்கத்தில் சுருங்கிவிட்டன. செடி பூக்கிற நாளைப் பார்த்து வந்த விழா, செடியே இல்லாத ஊரில் வெறும் தேதியாகிவிடும். என் மனத்தை அறுப்பது இதுதான்.

மறுநாள் ஒரு தரகர் வந்தார். அப்பா என் பெயருக்கு எழுதிவைத்த நிலம் நெடுஞ்சாலைக்குப் பக்கம், நல்ல விலை போகும் என்றார். விற்கவில்லை. பூ விவசாயம் தெரிந்த ஒரு குடும்பத்துக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். புருஷன், பெண்சாதி, மாமியார் என்று வீட்டிலேயே பறிக்க ஆள் இருக்கிறது. பணம் அவர்களால் முடிந்தது. அதோடு வருடத்துக்கு ஒரு தட்டு உதிரிப்பூ, மாசிக் கடைசி ஞாயிறு அண்ணி கையில் கொடுக்க வேண்டும்.

கொள்ளிடக்கரை ஊர்களில் நிலத்தை வைத்துவிட்டு வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தரகர் தொலைபேசியில் கூப்பிட்டால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். மல்லிகைக்குத் தண்ணீரும் வடிகாலும் உள்ள மேட்டு நிலமாக இருந்தால் பூ வைக்கிறவர்களிடம் கொடுங்கள். கையில் நிலமில்லாமல் தொழிலை மட்டும் வைத்திருக்கும் குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. விசாரித்தால் தெரியும்.