காற்றின் வழியில் ஒரு தீவு

மன்னார்த் தீவுக்கு இரண்டு கடல்கள் உண்டு. தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக்கு விரிகுடா. சோளகம் வீசத் தொடங்கினால் தென்கடல் கொந்தளிக்கும். வடகடல் ஓரளவு அடங்கியிருக்கும். வாடை வீசும் காலத்தில் இது தலைகீழாகும். இங்குள்ள மீனவர்களுக்கு நாட்காட்டி என்பது காற்றுத்தான்.

பத்திரிகைப் பணியின் நிமித்தம் பல ஆண்டுகளாக இக்கரைக்குப் போய்வந்திருக்கிறேன். போர்க்காலத்தில் இங்கிருந்து சென்ற செய்திகள் அகதிகளையும் படகுகளையும் பற்றியவை. இப்போது பறவைகளும் செய்தியாகியுள்ளன.

மாரி காலத்தில் பெருநிலத்திலிருந்து தீவுக்குச் செல்லும் தாம்போதியில் நின்று பார்த்தால் காரணம் விளங்கும். ஆழமற்ற நீரில் பூநாரைகள் தலை கவிழ்த்து இரை தேடும். ஊசிவால் வாத்துகளும் உள்ளான்களும் கூட்டங்கூட்டமாக இறங்கும். மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் தெற்கு நோக்கி வரும் வலசைப் பாதையின் இறுதித் தரிப்பிடங்களில் இதுவும் ஒன்று. அண்மையிலுள்ள வங்காலை சரணாலயம் 2010ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 4,839 ஹெக்டேயர்.

இப்பயணத்தின் நீளத்தை ஒரு கடற்காகம் நமக்குக் காட்டியது. 2021இல் கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சம்பத் செனவிரத்னவின் குழுவினர், மன்னாரில் ஒரு ஹியூக்ளின் கடற்காகத்துக்கு ஜிபிஎஸ் கருவி பொருத்தி 'மேகா' எனப் பெயரிட்டனர். அது ருஷ்யாவின் வடதுருவக் கரையிலுள்ள யமல் தீபகற்பம் வரை பறந்து சென்றது. தலைமன்னாருக்கு அப்பால் இராமர் அணை மணல்திட்டுகளிலோ ஆலாக்கள் வெறும் மணலில் முட்டையிடுகின்றன. அத்திட்டுகள் 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்டன.

பறவைகள் நம்பியிருக்கும் அதே காற்றை நாடி மின்பொறியியலாளர்களும் வந்தனர். 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட 'தம்பபவனி' காற்றாலையின் 30 கோபுரங்கள் தென்கரையோரமாக நிற்கின்றன. அவற்றின் மொத்தத் திறன் 103.5 மெகாவாட். மன்னாரிலும் பூநகரியிலும் திட்டமிட்ட அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. ஆயினும் வேறு திட்டங்கள் தொடர்ந்தன. 2025 ஓகஸ்டில் புதிய கோபுரங்களுக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கினர்.

காற்றாலையே வேண்டாம் என்று சொல்வது எளிது. ஆனால் இதே மேற்குக் கரையில், தெற்கே நுரைச்சோலையில் நிலக்கரி எரிகிறது என்பதையும் நாம் மறக்கலாகாது. தூய மின்சாரம் நாட்டுக்குத் தேவை. கேள்வி, கோபுரங்களை எங்கே நிறுத்துவது, யாரைக் கேட்டு நிறுத்துவது என்பதே.

"மழை பெய்தா வெள்ளம் கடலுக்கு ஓடின வழியையெல்லாம் இவங்கட றோட்டு மறிச்சுப்போட்டுது, ஐயா" என்றார் தென்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர். இதே முறைப்பாட்டைத் தீவின் பல கிராமங்களிலும் கேட்கலாம். தாழ்ந்த மணல் தீவொன்றில் நீரோட்டம் என்பது சிறிய விடயமன்று. மீனவர் குடியிருப்பும் பறவைகள் இரை தேடும் சேற்றுநிலமும் அதில்தான் தங்கியிருக்கின்றன.

அடுத்த கோபுரத்துக்கு அடித்தளம் இடுமுன், சோளகம், வாடை என இரு பருவங்களும் அடங்கிய முழு ஆண்டொன்றுக்குப் பறவைகளை எண்ணவேண்டும். மழைநீர் ஓடும் வழிகளை வரைபடத்தில் குறிக்கவேண்டும். அவ்வழிகளை நன்கறிந்தவர்கள் கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் கேட்கலாம்.