பழசாக்காமல் விட்டது

எனக்குத் துப்பாக்கி ஆசை கிடையாது. ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. பட்டாசுக்கே காதைப் பொத்துகிறவன். ஆசையெல்லாம் அரத்தின் மேல்தான். புதுச்சேரியில் ஃபிட்டர் படித்து, பிரான்சுக்கு வந்து, கணினி சொன்னபடி உலோகம் வெட்டும் இயந்திரத்தின் முன்னால் நின்றே முக்கால்வாசி வயது போய்விட்டது. ஒரு பொருளை முழுக்க முழுக்கக் கையால் ராவிச் செய்து பார்க்க வேண்டும் என்ற அரிப்பு மட்டும் போகவில்லை. அது கடைசியில் 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் குதிரைப்படையின் கைத்துப்பாக்கியில் வந்து நின்றது. சிக்கிமுக்கிக் கல்லால் நெருப்பு எடுக்கும் வகை.

மாதிரிகள் பல இருக்க, 1763/66 மாதிரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஊர்ப்பாசம். ஏழாண்டுப் போரில் அடிவாங்கிய பிரான்சு தன் படையைத் திருத்தி அமைத்த சமயத்தில் வந்தது 1763 மாதிரி. 1761இல் இங்கிலீஷ்காரர்கள் பிடித்துத் தரைமட்டமாக்கிய புதுச்சேரியைத் திருப்பிக் கொடுப்பதென்று பாரிஸ் உடன்படிக்கையில் முடிவானதும் அதே 1763இல்தான். நீளமும் கனமுமாக இருந்த அந்தத் துப்பாக்கியை 1766இல் குட்டையாக்கினார்கள். அந்த ஆண்டு மே மாதம், புதுச்சேரியில் சரணடைந்த தளபதி லாலியின் தலையைப் பாரிஸில் வெட்டினார்கள். துப்பாக்கிக்கும் லாலிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு ஆண்டுகளும் இப்படி வந்து ஒட்டிக்கொண்ட பிறகு வேறு மாதிரியைப் பார்க்க மனம் வரவில்லை.

பழைய ஆயுதங்கள் சேர்க்கும் பெரியவர் ஒருவர் தன்னிடமிருந்த அசலை அளவெடுக்கக் கொடுத்தார். மொத்த நீளம் 40 செ.மீ. அளவில், அதில் குழல் 23 செ.மீ. குழலின் வாய் 17 மி.மீ. சொச்சம், சுண்டுவிரல் தாராளமாகப் போகும். குழலைச் சுமக்கும் வால்நட் கட்டை, முன்பக்கம் அதைப் பிடித்துக்கொள்ளும் பித்தளைப் பட்டை, அடியில் மருந்து கெட்டிக்கும் கம்பி. பார்க்க எளிமையான சாமான்தான்.

கட்டையில் கை வைத்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. விசையமைப்பு முழுவதையும் தாங்கும் பக்கத் தகட்டை மரத்துக்குள் இறக்க வேண்டும், தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு மயிரிழைகூட நுழையாதபடி. அதற்கான முறை இன்றைக்கும் பழையதுதான். எண்ணெய் விளக்கின் புகையில் தகட்டைக் காட்டினால் கரி படியும். அதை மரத்தில் வைத்து மெல்லத் தட்டி எடுத்தால், மரம் எங்கே மேடாக இருக்கிறதோ அங்கே மட்டும் கண்மை தீற்றியதுபோல் கறுப்பு ஒட்டியிருக்கும். அந்தக் கறுப்பை மட்டும் உளியால் சுரண்ட வேண்டும். மறுபடி புகை, மறுபடி தட்டல், மறுபடி சுரண்டல். பொறுமையிழந்து ஒரு சீவல் கூடுதலாக எடுத்தால் அந்த இடைவெளி ஆயுசுக்கும் இளிக்கும். நூறில் ஒரு மில்லிமீட்டரைத் திரையில் பார்த்துப் பழகியவன் நான். கரிப்பொட்டைப் பார்த்து அதே நுணுக்கத்துக்குப் போக முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஸ்பிரிங்குகள் வேறு மாதிரிச் சோதித்தன. மூன்று உண்டு. கல்லைக் கவ்விய, ‘குதிரை’ எனப்படும் சுத்தியை முன்னால் அறைவது பெரியது. கல் வந்து மோதும் எஃகுத் தட்டைப் பிடித்து வைப்பது இன்னொன்று. மூன்றாவது உள்ளே ஒளிந்திருக்கும் சின்னது. பெரியது வலுவாக இருக்க வேண்டும், ஆனால் தட்டின் ஸ்பிரிங்கோடு அது இசைந்து போக வேண்டும். இல்லையென்றால் கல் எஃகைச் சுரண்டாமல் வெறுமனே முட்டிக்கொண்டு நிற்கும். எஃகைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதை மெதுவாகச் சூடேற்றி, நீலம் பூக்கும் நேரம் பார்த்து நிறுத்தினால்தான் வளைந்து கொடுக்கும். அரத்தின் கீறல் ஒன்று குறுக்காக விழுந்திருந்தாலும் போதும், சரியாக அந்த இடத்தில் ஒடியும். நீளவாக்கில்தான் ராவ வேண்டும், அப்புறம் அந்தக் கோடுகளையும் மெருகேற்றி அழிக்க வேண்டும். ஒடிந்தவை ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன.

எஃகுத் தட்டின் முகம் மெத்தென்று இருந்தால் பொறி பறக்காது. எலும்புக்கரியோடு பெட்டியில் அடைத்து வேகவைத்துத் தண்ணீரில் குளிப்பாட்டினேன். கல் மட்டும் நான் செய்ததில்லை. ஷேர் ஆற்றுப் பக்கம் மென் (Meusnes) என்ற சிற்றூர் இருக்கிறது. பிரெஞ்சுப் படைக்குத் தேன்நிறக் கற்களை உடைத்துக் கொடுத்தே அந்த வட்டாரம் பிழைத்தது. அப்படி ஒரு கல்லை ஈயத் தகட்டில் சுற்றிக் குதிரையின் வாயில் வைத்து, முதல் தடவை விசையை இழுத்தேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு கொத்துப் பொறி மருந்துக் கிண்ணத்துக்குள் விழுந்தது. மருந்து இல்லாத கிண்ணம்தான். கிண்ணத்திலிருந்து குழலுக்கு நெருப்புப் போகும் துளையை நான் போடவே இல்லை. எனக்கு வேண்டியது அந்தப் பொறி வரைக்கும்தான்.

இதற்குப் பிறகுதான் நான் சொல்லக் கூசுகிற பகுதி. வேலை முடிந்தபோது துப்பாக்கி பளபளவென்று இருந்தது. எனக்கோ அது பழசாகத் தெரிய வேண்டும். இரும்பில் காப்பிப் பழுப்பு ஏற வேண்டும், மரத்தில் வியர்வைக் கறுப்பு படிய வேண்டும், விளிம்புகள் மழுங்க வேண்டும். அதற்கெல்லாம் வழிகள் உண்டு. நகல் செய்கிறவர்கள் பலருக்கும் தெரியும். அழகுக்காக மட்டும் என்றால் பரவாயில்லை. பார்க்கிறவர், “அடேயப்பா, எங்கே கிடைத்தது?” என்று கேட்க வேண்டும், நான் பதில் சொல்லாமல் சிரிக்க வேண்டும். உள்ளே ஊறிக்கொண்டிருந்தது அந்தச் சிரிப்புத்தான். விற்கும் எண்ணம் துளியும் இல்லை. ஆனால் ஏமாற்றிவிட்டுக் காசு வாங்காமல் இருப்பது என்ன பெரிய யோக்கியதை?

பெரியவரிடம் யோசனை கேட்பதுபோலக் கேட்டேன். “நீ செய்திருப்பது எதன் நகல்?” என்றார். “1766இல் பட்டறையை விட்டு வெளியே போனதன் நகலா, என் மேஜையில் கிடக்கிற இந்தக் கிழத்தின் நகலா? இந்தப் பழுப்போடு அன்றைக்கு ஒரு வீரன் அணிவகுப்பில் நின்றிருந்தால் அதிகாரி அவனைத் தண்டித்திருப்பார்.”

உண்மைதான். அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் படையில் இரும்பு வெள்ளையாக மின்ன வேண்டும். செங்கல்தூளும் எண்ணெயும் வைத்துத் தேய்ப்பது வீரனின் அன்றாடத் தலைவிதி. அசலில் ஆயுதசாலையின் பெயர் பாதி அழிந்து கிடந்ததே, அது துருவின் வேலை மட்டுமல்ல. தேய்த்தே அழித்திருக்கிறார்கள். அதே மழுங்கலைப் பார்த்துத்தான் என் தகட்டின் விளிம்பையும் வளைத்து ராவலாம் என்றிருந்தேன். அசலைச் செய்தவனின் விளிம்பு கூராகத்தான் இருந்திருக்கும். பழுப்பு, மழுக்கம், கறுப்பு எதுவும் அவன் கைவேலை அல்ல. நான் அவனை விட்டுவிட்டு, அவனுக்குப் பின்னால் வந்த இருநூற்றைம்பது ஆண்டுகளைக் காப்பியடிக்கப் பார்த்திருக்கிறேன்.

அப்படியே வெள்ளையாக விட்டேன். ஷார்லெவில் என்ற ஆயுதசாலைப் பெயரைத் தகட்டில் செதுக்கினேன், அது இல்லாமல் மாதிரி முழுமையாகாது. குழலின் அடியிலும் தகட்டின் உட்புறத்திலும் என் பெயரின் முதலெழுத்துகளையும் செய்த ஆண்டையும் ‘நகல்’ என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லையும் ஆழமாக அடித்திருக்கிறேன். எனக்குப் பிறகு இது யார் கைக்குப் போகும், அவருக்கு என்ன சிரிப்பு ஊறும் என்று யார் கண்டது? வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போது, “பொம்மையா?” என்று கேட்கிறார்கள். கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

குதிரை வீரனுக்குச் சேணத்தின் இரண்டு பக்கமும் உறை உண்டு, துப்பாக்கி ஜோடியாகத்தான் போகும். ஆகவே இன்னொன்றைத் தொடங்கினேன். 1785இல் பாரிஸுக்குப் பக்கத்தில் ஒனொரே பிளான் என்ற ஆயுதக் கைவினைஞர், ஐம்பது துப்பாக்கிகளின் விசையமைப்புகளைக் கழற்றிப் பிரித்து அமெரிக்கத் தூதர் ஜெஃபர்சன் முன்னால் வைத்தார். கைக்கு வந்த உறுப்புகளை எடுத்து ஜெஃபர்சனே பூட்டிப் பார்த்தார், கச்சிதமாகப் பொருந்தின. வியந்து ஊருக்குக் கடிதம் எழுதினார். என் தொழிற்சாலையில் அது வியப்பே இல்லை, எந்த ஸ்க்ரூவும் எந்தத் துளைக்கும் போகும். வீட்டில் இரண்டையும் நானேதான் செய்கிறேன், அதே அரம், அதே அளவு. முதல் துப்பாக்கியின் ஸ்க்ரூ ஒன்றுகூட இரண்டாவதில் ஏறவில்லை.