காற்றும் பட்டியலும்

துறை மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவர் கேட்டபொழுது, சங்க இலக்கியம் பற்றியே எழுதுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். யான் எழுதப் புகுந்ததோ இரண்டு பட்டியல்களைப் பற்றி. ஒன்று, சென்ற ஆண்டு கோடியக்கரை மணலில் அமர்ந்து ஓர் இளைஞன் எழுதியது. மற்றொன்று, ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் மாணவனாய் இருந்த யானே எழுதியது. முன்னதைக் கண்ட பிறகே பின்னதைப் பற்றி வாய் திறக்கும் துணிவு வந்தது.

வேதாரணியத்திற்குத் தெற்கே, உப்பளங்களையும் சதுப்பு நிலத்தையும் கடந்து சென்றால் கோடியக்கரை. வடக்கிலிருந்து நேரே இறங்கிவரும் சோழ மண்டலக் கரை இங்கு வந்ததும் சட்டென்று மேற்கே திரும்புகிறது. கரையின் கோடி என்பதால் பெயரும் அதுவே. வயலில் நெல்லை நம்பி வாழும் காவிரிப் படுகை, இம்முனையில் மட்டும் காற்றை நம்பி வாழ்கிறது. வாடை எழுந்தால் ஒரு வாழ்வு. கச்சான் எழுந்தால் வேறொரு வாழ்வு.

இவ்வூரில் எனக்கொரு நண்பர் உண்டு. கல்லூரியில் உடன் பயின்றவர், கடலோடும் குடும்பத்தவர். அவர் மகன் இராமேசுவரம் தீவில், காற்றடிக்கும் பருவங்களில் கைட் சர்ஃபிங் பயிற்சி நடக்கும் கரையொன்றில் உதவியாளனாக இருக்கிறான். காற்றடைத்த விளிம்பினை உடைய பெரிய பட்டம். அதிலிருந்து நீளும் கயிறுகள். அவற்றை இடுப்பில் பூட்டும் வார். காலடியில் ஒரு பலகை. காற்று பட்டத்தை இழுக்க, பட்டம் மனிதனை இழுக்க, அவன் கடலின்மேல் விரைகிறான். பிறர் பட்டத்தைக் கரையில் நின்று ஏற்றிவிடுவதும் இறக்கிப் பிடிப்பதுமே அப்பிள்ளையின் பணி. வேலை ஒழிந்த நேரங்களில் தானும் பழகிக்கொண்டான்.

விடுமுறையில் அவர்கள் இல்லம் சென்றிருந்தேன். மாலை வேளையில் கரையில் மூவரும் அமர்ந்திருக்க, அவன் ஒரு தாளில் பெயர்களை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தான்.

“என்ன தம்பி, கணக்கா?” என்றேன்.

“இல்லை மாமா. கேப் டவுன் போட்டிக்கு யார் யாரை எடுப்பார்கள் என்று பார்க்கிறேன்” என்றான்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் 2013 முதல் நடைபெறுவது ‘ரெட் புல் கிங் ஆஃப் தி ஏர்’ என்னும் போட்டி. விரைவில் முந்துவதன்று இதன் நோக்கம். காற்றில் எவர் மிக உயரம் எழுகிறார், எழுந்த உயரத்தில் எவ்வளவு இடர் மிகுந்த வித்தையைச் செய்து பிழையின்றி நீரில் இறங்குகிறார் என்பதே அளவுகோல். முப்பது மீட்டருக்கு மேலும் எழுந்தவர் உளர். பத்து மாடிக் கட்டடத்தின் உயரம் அது. உச்சியில் தொங்கும்போதே பட்டத்தைத் தமக்கும் கீழே ஒரு வட்டமாகச் சுழற்றுவார்கள். அது ஆளைப் பக்கவாட்டில் பறித்துக்கொண்டு போகும். கை ஒரு கணம் தவறினால் நீரும் கல்லாகும். காற்று போதாத நாளில் போட்டி இல்லை. அனைவரும் கூடியிருந்து, தக்க காற்று வரும் நாளுக்காகக் காத்திருப்பர். 2013இல் ஜெஸ்ஸி ரிச்மன் வென்றதையும், 2015, 2016 ஆகிய இரண்டாண்டுகளிலும் ஆரன் ஹாட்லோ வென்றதையும் அவன் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னான்.

களத்திற்கு அழைக்கப்படுவோர் மிகச் சிலரே. பதினெட்டுப் பேர் மட்டுமே போட்டியிட்ட ஆண்டுகள் உண்டு. முந்தைய போட்டியில் முன்னணியில் நின்றோர்க்கு இடம் உறுதி. ஏனையோர் தம் திறத்தைக் காணொளியாகப் பதிவுசெய்து அனுப்புதல் வேண்டும். அதனைக் கண்டு நடுவர் குழு தெரிவு செய்யும். ஆகவே அழைப்பு வெளிவருமுன், உலகெங்கும் உள்ள ஆர்வலர் தத்தம் கணிப்பை எழுதி மகிழ்வர். அந்த ஆட்டத்தையே அவனும் ஆடிக்கொண்டிருந்தான்.

அவன் முறை செவ்வையாகவே இருந்தது. முதலில் இடம் உறுதியானவர்களை எழுதினான். அடுத்து, பலகையில் பொருத்தும் சிறு கருவி காட்டிய உயரங்களைப் பார்த்தான். உயரம் மட்டும் போதாது என்பதனால், வித்தையின் கடுமையையும் இறக்கத்தின் தூய்மையையும் சீர்தூக்கினான். புகழ் இருந்தும் அவ்வாண்டு புதிதாக ஒன்றும் காட்டாதவரை நீக்கினான். திருக்குறளில் ‘தெரிந்துதெளிதல்’, ‘தெரிந்துவினையாடல்’ என இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. குணமும் குற்றமும் நாடி, மிகுதி எதுவோ அதனைக் கொள்க என்று வள்ளுவர் வகுத்த நெறியை, அந்நூலைப் பள்ளியோடு மூடிவிட்ட இப்பிள்ளை தன்னையறியாமல் கைக்கொண்டிருந்தான்.

எல்லாவற்றையும் கேட்டிருந்த நண்பர் மெல்ல வினவினார்: “இந்தப் படத்தை எல்லாம் யாரப்பா பிடிப்பது?”

“கூட இருக்கிறவர்கள்தான், அத்தா.”

“கூட ஆள் இல்லாதவன்?”

மகன் விடை கூறவில்லை. அவரே தொடர்ந்தார்: “அவன் ஊரில் காற்று எத்தனை நாள் அடிக்கும்? பட்டம் வாங்கப் பணம் எவ்வளவு ஆகும்?”

இலட்சக் கணக்கில் ஆகும் என்று மகன் சொன்னான். நண்பர் தலையை மட்டும் அசைத்தார்.

அக்கேள்விகள் எளியவை அல்ல. அவன் தாளில் இருந்த பெயர்கள் பெரும்பாலும் சில கரைகளையே சுற்றி நின்றன: அவாயித் தீவுகள், நெதர்லாந்துக் கடற்கரை, கேப் டவுன் போன்றவை. காற்றும் பொருளும் படக்கருவியும் ஒருங்கே வாய்த்த இடங்கள் அவை. நம் பாக்கு நீரிணையின் இருமருங்கிலும் காற்றுக்குக் குறைவில்லை. இலங்கையின் கற்பிட்டிக்குக் கைட் சர்ஃபிங் பயிலவே அயல்நாட்டார் வருகின்றனர். 1954இலேயே வல்வெட்டித்துறையிலிருந்து இந்தக் கோடியக்கரைக்கு நீந்தி வந்தார் முருகுப்பிள்ளை நவரத்தினசாமி. கடலை வெல்லும் உடலும் உள்ளமும் இக்கரைகளுக்குப் புதியன அல்ல. எனினும் அப்பட்டியலில் நம் கரையார் ஒருவரும் இலர்.

எல்லாத் தெரிவும் இவ்வாறு அமைவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்செய் கடலில், இதே பட்டத்தைக் கொண்டு ‘ஃபார்முலா கைட்’ என்னும் ஓட்டப் போட்டி முதன்முறையாக நடந்தது. தகுதிப் பந்தயங்களில் பெற்ற இடத்தால் அங்கு நுழைந்தனர். சென்னையின் நேத்ரா குமணன் 2021இல், இந்தியப் பெண்களுள் முதல்வராகப் பாய்மரப் படகுப் பிரிவில் ஒலிம்பிக் தகுதி பெற்றதும் பந்தயத்தில் ஈட்டிய இடத்தால்தான். அங்கே கடிகாரமும் கோடும் பேசும். இங்கே கண் பேசும். கண் பேசுமிடத்தில், கண்ணுக்கு எட்டாதவன் ஊமையாகிறான்.

இவ்விடத்தில் என் பட்டியலைக் கூறியாக வேண்டும்.

யான் பயின்ற கல்லூரியில், மாணவர் விளையாட்டுச் செயலராக இருந்த ஆண்டு அது. கல்லூரிகளுக்கு இடையிலான நீச்சற் போட்டிக்கு அணி அமைக்க வேண்டும். தேர்வு நடத்த நகரக் குளத்தில் ஒரு முற்பகல் மட்டுமே கிடைத்தது. எனவே, தெரிவாகக்கூடிய பத்துப் பேரை முன்னரே எழுதித் தரும்படி என்னைப் பணித்தனர். சான்றிதழ்களைப் பார்த்தேன், முந்தைய ஆண்டுகளின் நேரக் குறிப்புகளைப் பார்த்தேன். ஒழுங்காகவே செய்தேன் என்ற பெருமிதமும் இருந்தது. பத்துப் பெயர் நிரம்பியது. கோடியக்கரை நண்பரின் பெயர் அதில் இல்லை. அவரிடம் சான்றிதழ் இல்லை. நேரக் குறிப்பும் இல்லை. அவர் நீந்துவதை நேரில் கண்டிருந்தேன். கவிழ்ந்த வள்ளத்தின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு கரை சேர்ந்தவர் அவர். ஆயினும் கண்டதை விட்டு, தாளில் இருந்ததை நம்பினேன்.

அவ்வணியில் இடம்பெற்ற ஒருவருக்குப் பின்னர் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. நண்பர் பட்டம் பெற்று, தந்தையின் வள்ளத்திற்கே திரும்பினார். தேர்வுக்கு வந்திருந்தால் வென்றிருப்பார் என்று சொல்வதற்கில்லை. குளத்து நீச்சல் வேறு, கடல் நீச்சல் வேறு. அவர் தோற்றும் இருக்கலாம். ஆனால் தோற்பதற்கான வாய்ப்பையும் யான் அவருக்குத் தரவில்லை. அதுவே குற்றம்.

இக்கரைக்குப் பறவை ஆய்வாளர் பல்லாண்டுகளாக வந்து, வலையில் சிக்கும் பறவைகளின் காலில் சிறு வளையம் பூட்டி விடுகின்றனர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இப்பணியால், எப்பறவை எங்கிருந்து வந்தது என்னும் அரிய செய்திகள் கிட்டுகின்றன. ஆனால் வளையமிட்டது மட்டுமே கணக்கில் வரும். வளையமில்லாதது பறக்கவே இல்லை என்று எந்த ஆய்வாளரும் எழுதமாட்டார். யான் அவ்வாறுதான் எழுதினேன்.

நம் வெண்ணி மண்ணின் புலவர் வெண்ணிக் குயத்தியார், கரிகாலனைப் பாடிய புறநானூற்றின் 66ஆம் பாட்டை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறேன். காற்றை ஏவல்கொண்டு கடலில் கலம் செலுத்தியவரின் வழித்தோன்றலே என்று வேந்தனை விளிக்கிறார் அவர். பட்டத்தால் காற்றை ஆளும் இக்கால இளைஞருக்கும் அவ்விளி பொருந்தும். ஆனால் பாட்டு அங்கு முடியவில்லை. வென்றவன் நீ, எனினும், புறப்புண் நாணி வடக்கிருந்தவன் நின்னினும் நல்லவன் அல்லனோ என்று, வென்றவனிடமே கேட்கிறார். வெற்றிப் பட்டியலுக்கு வெளியே நின்றவனையும் எடைபோட ஒரு புலவர் இருந்தார். அப்பாட்டைப் படித்துத் தேர்வும் எழுதிய யான், கையில் எழுதுகோல் கிடைத்ததும் அதனை மறந்தேன்.

சில வாரங்களுக்குப் பின் அழைப்புப் பட்டியல் வெளியாயிற்று. அவன் கணித்தவற்றில் மூன்றில் இரண்டு பங்கு சரியாக இருந்ததாகத் தொலைபேசியில் மகிழ்ச்சியோடு சொன்னான். “தவறிய பெயர்கள் ஏன் தவறின?” என்று கேட்டேன். “அவர்கள் படத்தை நான் பார்த்ததே இல்லை, மாமா” என்றான். அருகிலிருந்த நண்பரின் குரலும் கேட்டது: “அப்படியானால் நீ ஆளைக் கணிக்கவில்லை, பார்த்ததைக் கணித்திருக்கிறாய்.”

அடுத்த முறை சென்றபோது, நீச்சற் பட்டியலைப் பற்றி நண்பரிடம் சொல்லிவிட்டேன். அவர் வலையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

“தெரியும். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அன்றைக்குச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இன்றைக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடு, போதும்” என்றார்.

வாங்கிக் கொடுத்தேன். ஆயினும் கடன் தீர்ந்ததாக எண்ணவில்லை. மாணவர்களே, இவ்வாண்டு முதல் நம் துறையின் பேச்சுப் போட்டிக்கு முன்பட்டியல் இல்லை. எந்தப் பள்ளியில் என்ன பரிசு வாங்கினாய் என்றும் யாரும் கேட்கமாட்டோம். பெயர் கொடுத்த ஒவ்வொருவர்க்கும் மூன்று நிமிடம் உண்டு. நேரம் மிகும், மாலை இருட்டிவிடும். இருட்டட்டும்.